ஒன்றும் அவசரமில்லை

இலவசமாகக் கொடுக்கிற பொருளில் குறை சொல்லக் கூடாது என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. தமயந்திக்கு அந்த நினைப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "சும்மாதானே குடுக்கிறோம்" என்று குழுவில் யாராவது ஆரம்பித்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.

திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துவது அவள் வேலை. அது போக மிச்சமிருந்த நேரத்தையெல்லாம் ஒன்பது வருடமாக 'மிடறு' என்ற மென்பொருளில் கொட்டியிருந்தாள். யாருக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள் அது. புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்டவர்களும், பக்கவாதத்தில் நாக்கு குழறிப்போனவர்களும் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டிக்கொள்வார்கள். பேச முயலும்போது கழுத்துத் தசை துடிக்குமே, அந்தத் துடிப்பைப் பட்டை படிக்கும். படித்ததைத் தமிழாக்கி வெளியே சத்தமாகச் சொல்லும். பட்டையை யாரோ செய்கிறார்கள். அதற்குள் இருந்து பேசுவது மிடறு.

நான்காம் பதிப்பு ஞாயிற்றுக்கிழமை வெளிவர வேண்டும். திங்கட்கிழமை அரசுத் திட்டம் ஒன்றில் பதினாறாயிரம் பேருக்குப் பட்டை கொடுக்கப்போகிறார்கள். அத்தனை பட்டையிலும் நான்காம் பதிப்புத்தான் ஏறும், ஏற்கெனவே போட்டிருக்கிறவர்களுக்கும் அதுவே போய்ச் சேரும்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. சிவப்புப் பட்டியல் காலியானால்தான் ரிலீஸ். உயிருக்கோ பிழைப்புக்கோ ஆபத்து என்றால் அந்தப் பிழைக்குச் சிவப்பு, மற்றதெல்லாம் மஞ்சள். எது சிவப்பு, எது மஞ்சள் என்று தீர்மானிப்பது பட்டை போட்டிருப்பவரின் சொந்தச் சொல். ஆரம்ப காலத்தில் டாக்டரும் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து, "அவருக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க" என்று அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் கொடுக்க வந்த நாமே அடுத்தவர் வாயைக் கேட்டால் எப்படி என்று சண்டை போட்டு, பயனாளியின் சொல்லைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவளே தமயந்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு விடுமுறை. காலையிலேயே உட்கார்ந்து, பட்டை சூடாகிற பிழையைத் தீர்த்தாள். பத்தரை மணிக்குச் சிவப்பில் மிச்சம் ஒன்று. அதையும் மதுரையில் ஒருவர் முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதன்பிறகு மஞ்சள் பட்டியலுக்கு வந்தாள். பழைய மஞ்சள் குறைகளை ரிலீஸுக்கு முன் மூடிவிடுவது வழக்கம். மூடுவதற்கு முன் ஒரு தடவை குறை எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பதும் வழக்கம். இந்த இரண்டாவது வழக்கத்தைப் பாதிப் பேர் கடைப்பிடிப்பதில்லை. தமயந்தி கடைப்பிடிப்பாள்.

பன்னிரண்டாவதாக வந்தது ஏழு மாதத்துக் குறை. அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "வேகமாகப் பேசும்போது சொற்கள் சற்று மாறி வருகின்றன. நேரம் கிடைக்கும்போது பார்க்கவும். ஒன்றும் அவசரமில்லை. நன்றி. பெரியநாயகம், மண்ணச்சநல்லூர்."

அவள் கூப்பிட்டாள். "வணக்கம் ஐயா. மிடறு குழுவிலேருந்து தமயந்தி பேசுறேன். ஏழு மாசம் முன்னாடி ஒரு குறை எழுதியிருந்தீங்க. இப்ப எப்படி இருக்கு?"

எதிர்முனையில் கரகரவென்று மூச்சு கேட்டது. பிறகு பட்டையின் குரல், தணிந்து, நிதானமாக வந்தது. "வணக்கம்மா. கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. சின்னச் சிரமம் இருக்கு. முடிஞ்சப்போ பாருங்க."

பின்னாலே ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம். அடுத்து கதவை யாரோ இடிக்கிற சத்தம்.

"அப்போ இதை இப்போதைக்கு மூடிடலாமாங்க ஐயா? மறுபடி வந்தா புதுசா எழுதுங்க."

"உங்க சௌகரியம்மா. ஒண்ணும் அவசரமில்லை." டம், டம், டம் என்று கதவு. அதோடு புஸ் புஸ்ஸென்று மூச்சு. "உங்க சேவைக்கு நன்றி."

வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தமயந்தி மூடுகிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். அப்போது ஒரு பெண் குரல் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"யம்மா, வச்சிராத, வச்சிராத. அவரு அப்படிச் சொல்லல. அவரு கத்துறாரு. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு நிக்கிது, கதவைப் போட்டு இடிக்கிறாரு. அந்தக் கருமம்தான் நன்றி நன்றிங்குது."

"நீங்க யாரும்மா?"

"அவரு வீட்டுக்காரி. பாப்பாத்தி."

பாப்பாத்தி சொன்னதைக் கேட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பெரியநாயகம் அரிசி ஆலையில் மேஸ்திரி. மூட்டைகளை அட்டி போடுவது, இறக்குவது எல்லாம் அவர் சொல்படிதான். தொண்டையில் புற்று வந்து அறுவை ஆன பிறகும், பட்டையைப் போட்டுக்கொண்டு அதே வேலைக்குப் போனார். ஏழு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, இருபது வரிசை உயரத்துக்கு அடுக்கியிருந்த அட்டி ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்திருக்கிறார். அடியில் சின்னராசு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். இருபது வருடமாகக் கூட வேலை பார்த்தவன்.

"ஓடுடான்னு கத்தியிருக்காரும்மா. தொண்டை கிழியற மாதிரி. அந்தப் பட்டை என்ன சொல்லுச்சு தெரியுமா? 'கொஞ்சம் நகர்ந்து நிக்க முடியுங்களா'ன்னு சொல்லிச்சு. சின்னராசு திரும்பிப் பாத்துச் சிரிச்சானாம். இந்தா வாரேண்ணேன்னு சொன்னானாம். அவ்வளவுதான்."

திரையில் மூடாமல் நின்ற அந்தக் குறையைத் தமயந்தி மறுபடி படித்தாள்.

"எழவு வீட்டுல மாரடிச்சு அழுதாரு. 'மிகவும் வருத்தமாக இருக்கிறது'ன்னு சொல்லிச்சு. அங்க இருந்த சனம் எல்லாம் திரும்பிப் பாத்துச்சு. அவன் பொண்டாட்டி இன்னைக்கி வரைக்கும் இவரு மூஞ்சியில முழிக்கல. கல்நெஞ்சக்காரன்னு நெனைக்கிறா, நான் போய்ச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறா."

"பட்டையைக் கழட்டிட்டு..."

"கழட்டுனா வெறும் காத்துதானம்மா வருது."

"நீங்களாவது எங்களுக்கு எழுதியிருக்கலாமே."

"ரெண்டு தடவ எங்க அண்ணன் மகள வச்சு எழுதினோம். பயனாளி தன் வாயால சொன்னாத்தான் எடுத்துக்குவோம்னு பதில் போட்டீங்க. அவரு எழுதப் படிக்கத் தெரியாதவரு. கையெழுத்து மட்டும் போடுவாரு. அதச் சொல்ல வந்தாலே ஆத்திரம் பொங்கிருது, அந்த ஆத்திரத்தோடயே பட்டைக்கிட்டச் சொன்னாரு, அது எழுதி அனுப்பிச்சு. என்ன எழுதுச்சுன்னுதான் நீங்க பாத்திருப்பீங்களே."

தமயந்தி ஃபோனை வைத்தாள். வருத்தம் பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம். அந்தக் கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, ஆளும் தயாராக இருந்தார். நாகர்கோவிலில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் எட்வின்தான் ரிலீஸுக்குப் பொறுப்பு. அவரைக் கூப்பிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், நடந்ததைக் கொட்டினாள்.

எட்வின் பொறுமையாகக் கேட்டார். "அது இரைச்சல் வடிகட்டி செய்த வேலையா இருக்கும்," என்றார். "துடிப்பு ஒரு அளவுக்கு மேல போனா அது பேச்சு இல்ல, இரைச்சல்னு வச்சுக்கும். இருமல், விக்கல், பஸ் குலுங்குறது, இந்த மாதிரி. அதைத் தள்ளிட்டு, கிட்டத்தட்ட அதே அர்த்தத்துல அமைதியான ஒரு வாக்கியத்தை எடுத்துப் போடும். மூணாம் பதிப்புல நான்தான் சேத்தேன்."

"மனுஷன் கத்துனா அது இரைச்சலா சார்?"

"துடிப்பைப் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் தமயந்தி. பட்டைக்கு வித்தியாசம் தெரியாது."

"சரி. அந்த அமைதியான வாக்கியம் எங்கேருந்து வருது? 'ஓடுடா'வுக்குப் பக்கத்துல 'நகர்ந்து நிக்க முடியுங்களா'ன்னு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"நாம கத்துக்குடுத்த பேச்சுலேருந்துதான். ஒரு கால் சென்டர் குடுத்தாங்களே, நாலாயிரம் மணி நேரப் பதிவு. அத்தனை தமிழ்ப் பேச்சை வேற எவன் சும்மா தருவான்?"

தமயந்திக்குச் சிரிப்புதான் வந்தது, நல்ல சிரிப்பு அல்ல. கால் சென்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் கோபப்பட்டால் வேலை போய்விடும். எதிர்முனையில் இருப்பவன் அம்மாவைத் திட்டினாலும் அவர்கள் நன்றி சொல்லித்தான் ஃபோனை வைக்க வேண்டும். கோபப்படாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களின் வாயை வெட்டியெடுத்து, மூட்டை தூக்குகிறவன் கழுத்திலும் மீன் விற்கிறவள் கழுத்திலும் ஒட்டிவிட்டு, இதற்குப் பெயர் குரல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதை அப்படியே எட்வினிடம் சொன்னாள்.

"இதுக்குச் சிவப்புப் போடுறேன்," என்றாள்.

"போட முடியாது. சிவப்புக்குப் பயனாளியோட சொல் வேணும். அவரு என்ன சொல்லியிருக்காரு? அவசரமில்லைன்னு சொல்லியிருக்காரு. சட்டம் நீங்க கொண்டுவந்ததுதான்."

"அவரால வேற சொல்ல முடியாது சார். அதானே பிழை."

"ஒருத்தர் வீட்டம்மா சொன்னதுக்காக ரிலீஸை நிறுத்தினா, நாளைக்கு எல்லா வீட்டம்மாவும் கூப்பிடுவாங்க. வேற யாராவது சொல்லியிருக்காங்களா, பாருங்க."

பார்த்தாள். குறை எழுதும்போது பயனாளி சம்மதித்தால் அந்த நேரத்துத் துடிப்புப் பதிவும் கூடவே வந்து சேரும். யாரும் அதைத் திறப்பதில்லை. திறந்தால் வளைகோடுகள்தான் தெரியும். மஞ்சள் பட்டியலில் எழுநூற்றுச் சொச்சம் குறைகள். அவற்றின் கோடுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது இருநூற்றுப் பதினெட்டில் கோடு உச்சியில் போய் முட்டி நின்றது. அத்தனைக்கும் கீழே ஒரே மாதிரி எழுத்து. சிறிய சிரமம். நேரம் கிடைக்கும்போது. நன்றி. அவற்றில் பதினைந்து பேரைக் கூப்பிட்டாள். பதினைந்து பேரும் ஒண்ணும் அவசரமில்லைம்மா என்றார்கள். அதில் ஒரு பெண், திண்டுக்கல்காரி, "எங்க வீட்டுல எல்லாரும் என்னை நல்லாப் பாத்துக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு ஆண் குரல், "போதும், வை" என்றது. தொடர்பு அறுந்துபோனது.

இனிமேல் செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. தமயந்தி தன் கணினியில் மிடற்றைத் திறந்து, எட்வின் சேர்த்த வடிகட்டியைக் கழற்றினாள். குழுவோடு பேசுகிற அழைப்பு என்பதால், காலையில் பெரியநாயகம் பேசிய பேச்சின் துடிப்பும் பதிவாகி வந்திருந்தது. பிழையைச் சோதிக்கிறவர்கள் செய்கிற சாதாரணக் காரியம்தான் இது: எந்தத் துடிப்பில் தப்பு வந்ததோ, அதே துடிப்பைத் திருத்திய மென்பொருளுக்குக் கொடுத்து என்ன வருகிறது என்று பார்ப்பது. ஓட விட்டாள்.

ஒலிபெருக்கி கிழிந்துவிடும் போலிருந்தது.

"ஏழு மாசமா எங்கடி இருந்த? மஞ்சள்னு போட்ட தமயந்தி நீதானே? அவன் செத்துட்டான். அட்டிக்கு அடியில கிடந்து செத்துட்டான். என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே செத்தான். இப்ப வந்து மூடிடலாமான்னு கேக்குறியா? மூடுவியா? உன் வீட்டுல எழவு விழுந்தா மூடுவியா நீ?"

தமயந்தி அதை ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு அந்தக் குறையின் வரலாற்றைத் திறந்தாள். குறை வந்து சேர்ந்த நாள், நேரம். மஞ்சள் போட்டவர் தமயந்தி. எடுத்துக்கொண்ட நேரம் பன்னிரண்டு விநாடி. குறை மஞ்சள் பட்டியலில் சேர்ந்தது என்று தானாகப் போன பதில் கடிதத்தின் அடியில், "உங்கள் பொறுமைக்கு நன்றி, தமயந்தி" என்று அவள் பெயர். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். பெரியநாயகம் அந்தப் பெயரை ஏழு மாதமாக மனசில் வைத்திருக்கிறார். அவளுக்கு அந்த நாள் நினைவுகூட இல்லை. மரியாதையாக எழுதியிருக்கிறார், அவசரமில்லை என்கிறார், மஞ்சள். அவ்வளவுதான் நடந்திருக்கும். காலையிலிருந்து யார் யார் மேலோ பாய்ந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது பாய இடமில்லாமல் போனது.

பதிவை எட்வினுக்கு அனுப்பினாள். அவர் உடனே கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"கேட்டேன்," என்றார்.

"இது பயனாளியோட சொல்லா இல்லையா சார்?"

"இதை எடுத்தா நிறையப் பேர் திரும்பக் கேப்பாங்க தமயந்தி. மூணாம் பதிப்பு வந்தப்ப எத்தனை குடும்பம் நன்றி சொல்லி எழுதினாங்க தெரியுமா? வீடு அமைதியாயிருச்சு, ஆஸ்பத்திரி வார்டு அமைதியாயிருச்சுன்னு. நீங்க எடுத்தாலும் வேண்டியவன் அந்தத் துண்டைத் திரும்பச் சேத்துக்குவான். திறந்து வச்சிருக்கிற பொருள். யாரும் தடுக்க முடியாது."

"சேத்துக்கட்டும். அது அவங்க பாவம். நம்ம கையால போக வேணாம்."

"எதுக்காக அதை எழுதினேன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல."

"தெரியாது."

"எங்கப்பாவுக்காக எழுதினேன். பக்கவாதம் வந்து படுத்த பிறகு பட்டை போட்டோம். நாள் பூரா கத்துவாரு. எங்கம்மாவை, என்னை, நர்ஸை. அம்மா அழுதுக்கிட்டே இருப்பாங்க. வடிகட்டி போட்ட பிறகு மாறிட்டாரு. கடைசி ஒரு வருஷம் அவ்வளவு தன்மையாப் பேசினாரு. 'எனக்கு எந்தக் குறையும் இல்லை, நல்லாப் பாத்துக்கிறீங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மனசு அமைதியாயிட்டாருன்னு நெனச்சோம். சமாதானமாப் போனாருன்னு கல்லறையில எழுதி வச்சிருக்கோம்."

தமயந்தி கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கோபம் கேட்க வைத்தது. "அந்த ஒரு வருஷத்துத் துடிப்புப் பதிவு இருக்கா சார்?"

"இருக்கு. நான் அதைப் போட்டுக் கேக்கப் போறதில்ல. அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் கேக்க மாட்டேன். அதுக்குப் பிறகும் கேப்பேனான்னு தெரியல."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அந்தக் குறையின் நிறம் மாறியது. மாற்றியவர் எட்வின். காலியாக இருந்த சிவப்புப் பட்டியலில் ஒன்று ஏறி உட்கார்ந்தது.

சனிக்கிழமை முழுக்க வேலை ஓடியது. வடிகட்டியைக் கழற்றுவது ஒரு நிமிட வேலை. கழற்றிவிட்டால் இருமலும் விக்கலும் வாக்கியமாக வர ஆரம்பித்தன; ஒரு சோதனையில் தும்மல் ஒன்று 'வாங்க' என்று வந்தது. இருமலுக்கும் கத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டைக்குச் சொல்லிக்கொடுக்க அந்த இருநூற்றுப் பதினெட்டுப் பதிவுகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எட்வின் ஒரு வார்த்தை வீணாகப் பேசாமல், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வேலை பார்த்தார். மாலை ஆறு மணிக்குப் பதிவுகள் அத்தனையும் சரியாகப் பேசின. எப்படிப் பேசின என்பதை இங்கே எழுத முடியாது. யாரும் அவரவர் வீட்டில் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. சிவப்பை மூட வேண்டுமென்றால் குறை சொன்னவரே திருத்தியதைப் போட்டுப் பார்த்து, சரியாகிவிட்டது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் பட்டியல் காலியாகாது. திங்கட்கிழமை பதினாறாயிரம் பேருக்கும் பழைய மூன்றாம் பதிப்பைத்தான் ஏற்றுவார்கள், நன்றி சொல்கிற பதிப்பை.

"ஃபோன்ல கேட்டுக்கலாம்," என்றார் எட்வின்.

"இல்ல. நான் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி எட்டரைக்கு மண்ணச்சநல்லூரில் இறங்கினாள். பெரியநாயகம் ஆலைக்குப் போய்விட்டார். லாரி இரண்டு நிற்கிறது, லோடு ஏற்ற வேண்டும் என்று பாப்பாத்தி அங்கேயே கூட்டிப்போனாள். வழியில் பாப்பாத்தி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியநாயகம் உயரமான, வற்றிய ஆள். தோளில் துண்டு, கழுத்தில் பட்டை. ஆலை முற்றத்தில் எட்டுப் பேர் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். அவர் தமயந்தியை உட்காரச் சொல்லவில்லை.

"நான்தான் தமயந்தி," என்றாள். "மஞ்சள் போட்டது நான்தான். முந்தாநேத்து நீங்க பேசினதை நெஜமான குரல்ல கேட்டேன்."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "வந்ததற்கு நன்றிம்மா," என்றது பட்டை. அவர் அந்தப் பட்டையைப் பிடுங்கி மண்ணில் எறிந்தார். திருத்தியதை ஏற்றிக் கொண்டுவந்த புதுப் பட்டையைத் தமயந்தி நீட்டினாள். வாங்கிப் போட்டுக்கொள்ள அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

போட்டுக்கொண்டவர் அவள் பக்கம் திரும்பவில்லை. நேரே முற்றத்துக்கு நடந்தார். சின்னராசு செத்த கிழக்கு மூலையில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று இருந்தது. அதை ஒட்டிப் புதிய அட்டி எழும்பிக்கொண்டிருந்தது, அடியில் மூன்று பேர். அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள்பட்டை ஏறி இறங்கியது.

"டேய், ஓடுங்கடா."

ஆலைச் சுவரில் பட்டுத் திரும்பியது அந்தச் சத்தம். எட்டுப் பேரும் மூட்டையைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். ஒருவன் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டான். ஒருவன் வாசல் தாண்டிச் சாலைக்கே போய்விட்டான். ஒரு மூட்டை வாய் பிளந்து அரிசி கொட்டியது. தமயந்தியும் ஓடியிருந்தாள், லாரியின் மறுபக்கத்தில் நின்றபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

ஒன்றும் விழவில்லை. அட்டி ஆடாமல் நின்றது. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன மேஸ்திரி," என்றான் லாரிக்கு அடியிலிருந்து வந்தவன், முழங்கையைத் துடைத்துக்கொண்டே. "உசுரே போயிருச்சு."

"போகல," என்றார் பெரியநாயகம். "தொட்டுப் பாரு. போகல."

அதன்பிறகு அவர் அந்தச் சுவரடியில் குந்தி உட்கார்ந்து அழுதார். பட்டை அதை வாக்கியமாக்கவில்லை. ஒரு மனிதன் அழுகிற சத்தம் அப்படியே, கரகரவென்று வெளியே வந்தது. வேலையாட்கள் கிட்டே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார்கள். பாப்பாத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அடக்காமல் அழ விட்டாள்.

அழுது முடித்துத் தமயந்தியின் பக்கம் வந்தார். என்ன சொன்னார் என்று வரி வரியாக எழுதி என்ன ஆகப்போகிறது. அவள் படிப்பைச் சொன்னார், அவள் பன்னிரண்டு விநாடியைச் சொன்னார் (அதை அவள்தான் அவரிடம் சொல்லியிருந்தாள், இடையில் ஒரு தடவை), சின்னராசுவின் பெண்டாட்டி தன்னைப் பார்க்கிற பார்வையைச் சொன்னார், சாமி பெயரைச் சொல்லிச் சாபமும் விட்டார். ஒரு வார்த்தைகூடத் தணிந்து வரவில்லை. தமயந்தி தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டாள். இந்த மாதிரிக் கேட்பதற்காகத்தானே ஒன்பது வருடம் உழைத்தோம் என்று தோன்றியது. அது ஆறுதலாக இல்லை.

அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"ஐயா," என்றாள். "நாளைக்குப் பதினாறாயிரம் பேருக்கு இதைக் கொடுக்கணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் புதுசு போகும். இல்லைன்னா பழசு போகும். நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் எழுதுவேன்."

அவர் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். எட்டுப் பேரும் சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு ஓடியவன் அப்போதுதான் அசட்டுச் சிரிப்போடு உள்ளே வந்துகொண்டிருந்தான். அவர் வாய்விட்டு ஒவ்வொருவராக எண்ணினார். எட்டு.

"எழுது," என்றார். "ஓடுனாங்க."

"அவ்வளவுதானா ஐயா?"

"அவ்வளவுதான். ஓடுனாங்கன்னு எழுது."

தமயந்தி ஃபோனில் எழுதினாள். அனுப்புவதற்கு முன் அவர் கையை நீட்டி மறித்தார்.

"படிச்சுக் காட்டு," என்றார். "மாத்தி எழுதுற ஆளுங்க நீங்க."

அவள் படித்துக் காட்டினாள்.